தேய்ந்த பக்கம்

மூன்று வருடம் முட்டிக்கு மட்டும்தான் தைலம்.
முதலில் யூகலிப்டஸ். அப்புறம் மெடிக்கலில்
பச்சை மூடி போட்ட ஒன்று.
அப்புறம் மேட் வேலாயுதம், பெயர் சொல்லாமல்
பிராந்தி பாட்டிலில் கொடுத்த எண்ணெய்.
வலது முட்டி.
அதன் உள்பக்கம், புளியங்கொட்டை அளவு இடம்.
ஏறும்போது சும்மா இருக்கும்.
ஹில்குரோவ் தாண்டி இறங்கும்போது
அடிக்கு ஒரு தரம் கூப்பிடும்.

நான் கீமேன்.
தோளில் சுத்தியல், நீள ஸ்பேனர்,
சுருட்டிய கொடி இரண்டு, சோற்றுத்தூக்கு.
முதல் வண்டி மூச்சிரைத்து வருமுன்
என் பீட்டை நடந்து முடித்திருக்க வேண்டும்.
சிலிப்பர் கட்டைகளை இட்டவன்
மனிதக் காலை அளந்து இடவில்லை.
ஒவ்வொன்றாய் மிதித்தால் நடை குட்டை,
ஒன்று விட்டு மிதித்தால் தாவல்.
ஓரமாய்ப் போகலாமென்றால் ஜல்லி
பள்ளத்தைப் பார்த்துச் சரிகிறது.

குன்னூர் ஆஸ்பத்திரியில் தெபோராள் மேடம்
முட்டியைத் தொடவே இல்லை.
"பூட்ஸைக் கழட்டுங்க."
கழற்றினேன். என்னை விட்டுவிட்டு
அதை எடுத்து மேசைமேல் வைத்தார்.
கூச்சமாயிருந்தது,
யானை லத்தி காய்ந்து ஒட்டியிருந்தது.
குதியின் ரப்பர் வெளிப்பக்கம் புதுசு,
உள்பக்கம் அப்பளம்.
பின்னாலிருந்து பார்த்தால் இரண்டும்
யாரைப் பற்றியோ ரகசியம் பேசுகிறாற்போல்
ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்து நின்றன.

பாதத்தை நனைத்துப் பழைய பேப்பரில் நிற்கச் சொன்னார்.
நடுவில் வளைவு தப்ப வேண்டிய இடத்திலும் ஈரம்.
ஒரு நகைக்கடை விளம்பரம்
மொத்தமாய் நனைந்துபோனது.

"பாதம் உள்ள விழுது.
கணுக்கால் அது கூடவே சாயுது.
கீழ்க்கால் எலும்பு உள்பக்கமா திரும்புது,
தொடை அதும்பாட்டுக்கு நேரா போகப் பாக்குது.
நடுவுல மாட்டிக்கிட்டது முட்டி.
பாவம், அது பண்ண தப்பு ஒண்ணுமில்ல."

எனக்கு முகம் சுட்டது.
தண்டவாளத்தில் ஒரு மூட்டு தட்டினால்
கேங்கில் எவனாவது ஓடிப்போய் போல்ட்டை முறுக்குவான்.
இருபத்திரண்டு வருடமாய்க் கத்துகிறேன்:
சத்தம்தான்டா மூட்டுல, சங்கதி அடியில.
கட்டைக்குக் கீழ ஜல்லி இறங்கியிருக்கு, அதைப் பாரு.
அப்படிக் கத்தியவன்தான்
வீட்டுக்குப் போய் முட்டிக்குத் தைலம் தேய்த்தேன்.

பூட்ஸுக்குள் உள்பக்கமாய் ஒரு தக்கை வைத்தார்.
தரையில் துண்டை விரித்து
விரல்களால் சுருட்ட வேண்டும், தினமும்.
"கையிலதான் துவைக்க மாட்டீங்க,
கால்லயாவது துவைங்க" என்றாள் குணவதி.
ஒற்றைக்காலில் நின்று பல் துலக்கினேன்.
முதல் வாரம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.
இரண்டாம் சுரங்கத்துக்குள் நின்று
தெபோராள் மேடத்தைப் பெயர் சொல்லித் திட்டினேன்.
சுரங்கமும் சேர்ந்து திட்டியது.

இப்போது எங்கே போனாலும் குதிகால்கள்தான்.
கறிக்கடை வரிசையில், ரேஷனில், மார்க்கெட் படியில்
ஆட்கள் நிற்கிறார்கள், நான் குனிந்து நிற்கிறேன்.
மேட்டின் செருப்பு வெளிப்பக்கம் தேய்ந்திருக்கிறது.
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.
அந்த எண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும்.

முட்டி கூப்பிடாமல் இல்லை.
அடிக்கு ஒரு தரம் என்பது போய்
பாலத்துக்கு ஒரு தரம்.
சில பாலத்தில் மறந்தும் போகிறது.

நேற்று ரன்னிமேட்டில் நல்ல வெயில்.
குழாயடியில் கால் கழுவி
பிளாட்பாரக் கல்லில் வலது பாதம் வைத்து எடுத்தேன்.
விரல் ஐந்து, குதி,
நடுவே உள்ளோரத்தில் நனையாத ஒரு கீற்று,
துடைப்பக்குச்சி கனம்.
முன்பே இருந்ததா, இல்லை கல்லின் மேடு பள்ளமா,
குனிந்து பார்ப்பதற்குள்
கீழே காட்டுக்குள் வண்டி ஊதியது.
கொடியை எடுத்துக்கொண்டு திரும்பினால்
விரல்கள் காய்ந்திருந்தன,
குதி காய்ந்துகொண்டிருந்தது.